43 எழுத்துப் பிழைகள்: அனுப்புவதா, விடுவதா?

கேள்வி:

அன்புள்ள அக்கா, நான் உப்புவெளியைச் சேர்ந்தவள். கோணேசபுரி வளாகத்தில் கணனி விஞ்ஞானம் இரண்டாம் வருடம். ஒரு திறந்த மூல மென்பொருளின் ஆங்கிலக் கையேட்டில் 43 எழுத்துப் பிழைகள் கண்டேன். மூன்று இரவு முழித்திருந்து எல்லாவற்றையும் திருத்தி ஒரே புல் ரிக்குவெஸ்டாக, அதாவது இந்த மாற்றங்களை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கையாக, அனுப்பினேன். இருபது நிமிடத்தில் அதை ஏற்காமல் மூடிவிட்டார்கள். “பிரித்து அனுப்புங்கள். மாதிரி நிரல்களைத் தொடாதீர்கள். நாங்கள் அமெரிக்க எழுத்துக்கூட்டலைப் பின்பற்றுகிறோம்.” இவ்வளவுதான் பதில். அதே மென்பொருளின் தமிழ் மொழிபெயர்ப்பில் ‘கணினி’ என்று இருந்த இடமெல்லாம் ‘கணனி’ என்று மாற்றினேன். தமிழ்நாட்டுத் தன்னார்வலர் ஒருவர் மறுநாளே பழையபடி ஆக்கிவிட்டார். “கோட் எழுதத் தெரியாத ஆட்கள்தான் எழுத்துப் பிழை பார்ப்பார்கள்” என்று கூடப் படிக்கிற பெடியன்கள் சிரிக்கிறார்கள். இதைத் தொடர்வதா? வேலைக்குப் போடும்போது இதைக் காட்டலாமா? பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பதில்:

தங்கச்சி, உங்கள் பட்டியலை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் வாசிக்கும்போது பக்கத்தில் பென்சிலால் குறி போட்டுக்கொண்டே வந்தேன். கணக்கு இப்படி வந்தது. 19 இடங்களில் நீங்கள் பிரித்தானிய எழுத்துக்கூட்டலுக்கு மாற்றியிருக்கிறீர்கள். அவை பிழையே இல்லை. 4 இடங்கள் மாதிரி நிரலுக்குள்ளும் கட்டளைக்குள்ளும் இருக்கின்றன. 3 இடங்கள் உரிமப் பத்திரத்திலும் பழைய வெளியீட்டுக் குறிப்புகளிலும். இன்னும் 2, கருவி ஒன்று தானாக உருவாக்கிய பக்கங்களில். மிச்சம் 15. அந்த 15 உம் அசல் பிழைகள், அதிலே 6 மிக நல்ல கண்டுபிடிப்புகள். அந்த ஆறையும் மற்ற முப்பத்தேழோடு சேர்த்து மூட்டை கட்டி அனுப்பியதால் யாரும் பார்க்கவில்லை. ஆகவே மூடியவரில் எனக்குக் கோபம் வரவில்லை. உங்களிலும் வரவில்லை.

மென்பொருள் ஆவணம் பார்க்கும் இந்த வேலைக்கு நான் வந்தது கணினி வழியாக இல்லை. திருகோணமலையில் ஒரு சின்ன அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவளாகத்தான் தொடங்கினேன். அச்சகத்துக்குப் பெரும்பாலும் வருவது கலியாணக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ், அதற்குப் பிறகு கல்வெட்டு. செத்தவருக்கு 31 ஆம் நாள் அந்தியேட்டிக்கு வீட்டார் அடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைத்தான் நாங்கள் கல்வெட்டு என்கிறோம், உங்களுக்குத் தெரியும்தானே. சேர்ந்து இரண்டாம் மாதம் ஒரு கல்வெட்டு வந்தது. காலமானவரின் பெயரில் ‘ண’ வர வேண்டிய இடத்தில் ‘ன’ இருந்தது. தமிழ் படித்தவள் என்ற மிடுக்கில், ஒருவரையும் கேட்காமல், அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை எல்லா இடத்திலும் மூன்று சுழி போட்டுவிட்டேன். அந்தியேட்டிக்கு முதல் நாள் பின்னேரம் மகன் வந்து புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். பிறகு தகப்பனின் பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார். அதில் இரண்டு சுழிதான். பதிவாளர் எழுபது வருடத்துக்கு முன் விட்ட பிழையாகவே இருக்கட்டும், அந்த மனுசன் அந்த இரண்டு சுழியோடுதான் கையெழுத்து வைத்தார், பென்சன் எடுத்தார். இரவிரவாகத் திரும்ப அடித்தோம். கடுதாசிக் காசு என் சம்பளத்தில் போனது.

மென்பொருளிலும் இப்படிப் பிழையாகப் பிறந்து பெயராகிப்போன சொற்கள் இருக்கின்றன. நீங்கள் தொட்ட நான்கில் ஒன்று அது. ஓர் இணையப் பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, எங்கிருந்து வந்தீர்கள் என்று உலாவி சொல்லும் தலைப்பின் பெயர் ‘ரெஃபரர்’. ஆங்கிலத்தில் அதன் நடுவே இரண்டு ‘ஆர்’ வர வேண்டும். உலாவியும் வழங்கியும் பேசிக்கொள்ளும் நெறிமுறையை வகுத்து 1996 இல் வந்த எச்.டி.டி.பி. 1.0 ஆவணத்தில் ஒரு ‘ஆர்’ தான் இருந்தது. கவனிப்பதற்குள் உலகம் முழுக்க வழங்கிகளும் உலாவிகளும் அந்தப் பெயரைக் கேட்டுப் பழகிவிட்டன. இன்றைக்கும் அது ஒரு ‘ஆர்’ தான். வேடிக்கை என்னவென்றால், பின்னால் வந்த ‘ரெஃபரர் பாலிசி’ என்ற தலைப்புக்குச் சரியாக இரண்டு ‘ஆர்’. இரண்டும் ஒரே பக்கத்தில் அருகருகே வரும். அறியாதவர் கண்ணுக்கு ஒன்று கட்டாயம் பிழையாகத்தான் தெரியும்.

யுனிக்ஸ் இயங்குதளத்தில் கோப்பை உருவாக்கும் அழைப்புக்குப் பெயர் ‘கிரியேட்’, ஆனால் கடைசி ‘ஈ’ இல்லாமல். யுனிக்ஸைத் திரும்பச் செய்வதென்றால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டபோது, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தொம்சன், அந்தச் சொல்லுக்கு ஒரு ‘ஈ’ போடுவேன் என்றாராம். அவராலேயே போட முடியாமல் போன ‘ஈ’யை நான் ஒருக்கால் போட்டு அனுப்பினேன். கல்வெட்டில் பட்ட சூடு ஆறிவிட்டது போலும். இணைத்த வட்டைக் கழற்றும் கட்டளையில் ‘என்’ இல்லாததும் இதே சாதி. ஆகவே கட்டளை, தலைப்பு, மாறி, கோப்பின் பெயர், இதற்குள் இருக்கும் ஓர் எழுத்தையும் கண்ணால் பார்த்துத் திருத்தக் கூடாது. அது வேலை செய்யும் இடத்தில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் சரி. அங்கேயே மாற்ற வேண்டும் என்று நினைத்தால் அது வேறு வழக்கு, ஆவணத் திருத்தம் இல்லை.

‘கலர்’ என்பதில் நீங்கள் ஒரு ‘யூ’ சேர்த்திருக்கிறீர்கள். எங்கள் பள்ளிக்கூடங்களில் அப்படித்தான் படிப்பித்தார்கள், அந்த ‘யூ’ இல்லாமல் எழுதினால் ரீச்சர் சிவப்பால் சுழிப்பார். ஆனால் அந்த மாதிரி நிரல், இணையப் பக்கத்தின் நிறத்தையும் தோற்றத்தையும் சொல்லும் சி.எஸ்.எஸ். அதில் ‘யூ’ போட்டால் நிறமே வராது. பிழைச்செய்தியும் வராது, அந்த வரியை உலாவி பேசாமல் தாண்டிப் போய்விடும். உங்கள் திருத்தத்தை ஏற்றிருந்தால் கையேட்டைப் பார்த்து அடிக்கும் ஒவ்வொரு புதியவரும் அரை மணித்தியாலம் தலையைச் சொறிந்திருப்பார். பிரித்தானியக் கூட்டலுக்கு மாற்றிய 19 இல் மற்ற 18 உம் வெறும் வசனங்களில்தான், ஒன்றும் உடையாது. இருந்தாலும் அவர்களுடைய வீட்டு வழக்கம் அமெரிக்கக் கூட்டல். பங்களிப்போருக்கான கோப்பில் அதை எழுதியும் வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்த்தேன். மூன்று இரவு முழிக்க முன்னர் அந்தக் கோப்பைப் பத்து நிமிடம் வாசித்திருந்தால் ஓர் இரவு மிச்சம்.

இருபது நிமிடத்தில் மூடியது உங்களுக்கு முகத்தில் அடித்தது போல இருந்திருக்கும். அதற்கு ஒரு பழைய கதை உண்டு. டிஜிட்டல் ஓசன் நிறுவனம் 2014 முதல் ஒவ்வொரு ஒக்டோபரிலும் ‘ஹக்டோபர்ஃபெஸ்ட்’ நடத்துகிறது. 2020 இல் நான்கு புல் ரிக்குவெஸ்ட் கொடுத்தால் ஒரு டீ சேர்ட் என்று இருந்தது. டீ சேர்ட்டுக்காக ஆட்கள் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்புகளில் ஒரு சொல்லைச் சேர்ப்பதும் ஒரு காற்புள்ளியை நகர்த்துவதுமாக வெள்ளம்போல அனுப்பத் தொடங்கினார்கள். திட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர்கள் குழறியதில், அந்த ஒக்டோபர் தொடங்கி மூன்றாம் நாளே விதியை மாற்ற வேண்டி வந்தது. விரும்பிச் சேர்ந்த திட்டங்களுக்கு மட்டும்தான் இனிமேல் கணக்கு என்றார்கள். சம்பளம் இல்லாமல் வேலை முடிந்து வந்து இரவில் இதைப் பார்க்கிறவர்கள் அந்தப் பராமரிப்பாளர்கள். அந்த வெள்ளத்தில் நனைந்தவர்களுக்கு 43 மாற்றம், விளக்கம் இல்லாத தலைப்பு, புதிய கணக்கு என்று மூன்றும் சேர்ந்து வந்தால் உங்கள் முகம் தெரியாது, டீ சேர்ட் தான் தெரியும்.

உரிமப் பத்திரத்தைப் பற்றி ஒரு வரி. திறந்த மூல மென்பொருள்கள் பல பாவிக்கும் ஜி.பி.எல். உரிமத்தின் தலையிலேயே, இதை யாரும் அப்படியே பிரதி எடுக்கலாம், மாற்றக் கூடாது என்று எழுதியிருக்கிறது. அதில் காற்புள்ளியைக்கூடத் தொட வேண்டாம். பழைய வெளியீட்டுக் குறிப்புகள் அன்றைக்கு என்ன சொன்னோம் என்பதற்கான பதிவு, அதையும் விடுங்கள். தானாக உருவான பக்கங்கள் வேறு கதை. அவை நிரலுக்குள் இருக்கும் குறிப்புரைகளிலிருந்து பிறக்கின்றன. பக்கத்தைத் திருத்தினால் அடுத்த தரம் உருவாக்கும்போது பிழை திரும்பி வந்து உட்காரும். ஊற்றைத் தேடிப் போய்த் திருத்த வேண்டும். அந்த இரண்டையும் அப்படிச் செய்தால் ஏற்பார்கள்.

இனி நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய இடம். உங்கள் 15 இல் இரண்டு, கையேட்டில் மட்டும் இல்லை, மென்பொருளின் திரையிலேயே வரும் வசனங்கள். அதனால் இரண்டு இடத்திலும் திருத்தியிருக்கிறீர்கள், நியாயம்தான். ஆனால் அந்த மென்பொருள் மொழிபெயர்ப்புக்கு கெட்டெக்ஸ்ட் முறையைப் பாவிக்கிறது. அதில் ஆங்கில வசனம்தான் திறப்பு. தமிழ்க் கோப்பில் ஒவ்வொரு பதிவிலும் மேலே ஆங்கில வசனம், கீழே தமிழ். மென்பொருள் ஓடும்போது ஆங்கில வசனத்தை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தமிழைத் தேடி எடுக்கும். நீங்கள் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைச் சரிசெய்த உடனே திறப்பின் பல் மாறிவிடுகிறது. பழைய பூட்டுக்குப் போகாது. இணைக்கும் கருவி ஓரளவு கெட்டித்தனமானது, கிட்டத்தட்ட ஒத்துப்போகும் பழைய மொழிபெயர்ப்பைக் கண்டுபிடித்து ‘ஃபசி’ என்று ஒரு குறி போட்டு வைக்கும். சந்தேகத்துக்குரியது, ஆள் பார்க்கட்டும் என்று அர்த்தம். ஆனால் மென்பொருளைக் கட்டும்போது ஃபசிக் குறி போட்டவை சாதாரணமாகச் சேர்க்கப்படுவதில்லை. விளைவு என்ன? நேற்றுவரை தமிழில் தெரிந்த பொத்தான் நாளைக்கு ஆங்கிலத்தில் நிற்கும். தமிழில் மட்டுமா, அந்த மென்பொருள் எத்தனை மொழியில் இருக்கிறதோ அத்தனையிலும். ஒவ்வொரு மொழியிலும் ஒரு தன்னார்வலர் வந்து, பார்த்து, ஒன்றும் மாறவில்லை என்று தெரிந்து, குறியை எடுக்க வேண்டும். சில மொழிகளில் அந்த ஆளே இப்போது இருக்க மாட்டார்.

இதனால்தான் லினக்ஸுக்குத் திரைமுகப்புச் செய்யும் க்னோம் போன்ற திட்டங்களில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னர், இனித் திரை வசனங்களில் கை வைக்கக் கூடாது என்று ஒரு தடைக்காலம் இருக்கிறது. எழுத்துப் பிழையானாலும் கேட்டுத்தான் திருத்த வேண்டும். அப்போ பிழையை விட்டுவிடுவதா என்றால், இல்லை. வெளியீடு முடிந்தபின் அனுப்புங்கள். அனுப்பும்போது ஆங்கில வசனத்தை மூலத்தில் மட்டும் மாற்றாமல், எல்லா மொழிக் கோப்புகளிலும் மேலே இருக்கும் ஆங்கில வரியையும் அதே மாதிரி மாற்றி ஒரே திருத்தமாகக் கொடுங்கள். அர்த்தம் மாறவில்லை, எழுத்துத்தான் மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள். ஒருவருடைய மொழிபெயர்ப்பும் விழாது. சில திட்டங்கள் வெப்லேட் என்ற மொழிபெயர்ப்பு இணையக் கருவி வழியாக மொழிக் கோப்புகளைக் கையாளும், அங்கே நேரடியாகக் கை வைத்தால் மோதும், முதலில் கேட்டுவிடுங்கள். இந்த ஒரு வேலையை வடிவாகச் செய்து காட்டினீர்களென்றால் பராமரிப்பாளர் உங்கள் பெயரை மறக்க மாட்டார்.

அந்த ஆறு என்ன என்று கேட்பீர்கள். முதலாவது ஒரு கோடு. நிறுவும் கட்டளையில் இரண்டு சிறு கோடு பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும். எவரோ வேர்டில் அடித்து ஒட்டியிருக்கிறார், அது தன் அழகுக்கு இரண்டையும் சேர்த்து ஒரு நீளக் கோடாக்கிவிட்டது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பிரதி எடுத்து ஒட்டினால் கட்டளை ஓடாது. வளைந்த மேற்கோள் குறிகளும் இதே வேலையைத்தான் செய்யும். கோப்புறையின் பெயரில் ஓர் எழுத்து இடம் மாறியிருந்ததையும், கையேடு ஒரு பெயர் சொல்ல மெனுவில் இன்னொரு பெயர் இருந்ததையும், கூட்டல் பிழையால் முறிந்துபோன இரண்டு இணைப்புகளையும் பிடித்திருக்கிறீர்கள். ஆங்கிலச் சொல் ‘த’ பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தரம் வந்ததைவிட இவை நூறு மடங்கு பெறுமதி, ஏனென்றால் இவை ஒருவரின் மாலை நேரத்தைத் தின்கிற பிழைகள்.

ஆறாவதில்தான் எனக்குச் சின்னச் சங்கடம். “காப்புப் பிரதி எடுக்காமல் இதை ஓட்டலாம்” என்ற பொருளில் வரும் வசனத்தில் ஒரு ‘கூடாது’ விடுபட்டிருக்கிறது என்று நினைத்து, நீங்களே அதைச் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் ஓட்டிப் பார்த்தீர்களா? பிரெட்ரிக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது வாசற்கல்லில் இரட்டைக் கயலும் அதோடு அந்தச் சாசனமும் இருக்கிறதல்லவா. ‘முன்னே குளக்கோட்டன்’ என்று தொடங்குகிறது, போகப் போக எழுத்துகள் சிதைந்துவிட்டன. விட்ட இடத்தை அவரவர் நிரப்பி வாசித்ததில் ஒன்றுக்கொன்று ஒத்துவராத வாசிப்புகள் வந்தன. கல்லை வெட்டியவனை எழுப்பிக் கேட்க முடியாது, ஆகவே அங்கே ஊகம் தவிர வழியில்லை. உங்களுக்கு வழி இருக்கிறது. ஒரு தனிக் கோப்புறையை உண்டாக்கி, தேவையில்லாத சில கோப்புகளை அதில் போட்டு அந்தக் கட்டளையை ஓட்டுங்கள், தரவு அழிகிறதா என்று பாருங்கள். பார்த்துவிட்டு, ‘ஓட்டிப் பார்த்தேன், அழிந்தது, ஆகவே இந்த வசனத்தில் எதிர்மறை வர வேண்டும்’ என்று எழுதி அனுப்புங்கள். அதற்குப் பிறகு அது எழுத்துப் பிழைத் திருத்தம் என்று யார் சொல்வது?

தமிழுக்கு வருவோம். நானும் பள்ளிக்கூடத்தில் ‘கணனி’ என்றுதான் படித்தேன், கையும் அப்படித்தான் ஓடும். இலங்கையில் நெடுநாள் புழங்கிய வடிவம் அது. தமிழ்நாட்டில் ‘கணினி’. இன்றைக்கு இங்கேயும் ‘கணினி’ பரவலாக வந்துவிட்டது. நாங்கள் ‘தொழினுட்பம்’ என்று புணர்த்தி எழுதுகிறோம், அவர்கள் ‘தொழில்நுட்பம்’ என்று பிரித்து எழுதுகிறார்கள். இவற்றில் பிழை எது என்று கேட்பதே பிழை. எங்கள் ஊர்ப் பெயரையே எடுங்கள். பெயர்ப்பலகையில் ‘திருகோணமலை’, கோயிலோடு ஊறியவர்கள் பலர் ‘க்’ போட்டுத் ‘திருக்கோணமலை’ என்று எழுதுவார்கள், சம்பந்தர் பாடியதோ ‘கோணமாமலை’. வெளியூர் ஆள் ஒருவர் வந்து வரைபடத்தில் உங்கள் ஊருக்கு ஒற்றுப் போட்டாலோ எடுத்தாலோ உங்களுக்கு எப்படி இருக்கும்? அந்தத் தமிழ்நாட்டுத் தம்பிக்கோ அண்ணனுக்கோ உங்கள் ‘கணனி’யைக் கண்டதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

என் தீர்ப்பு: அவர் பழையபடி ஆக்கியது சரி. தமிழ் என்று ஒரே ஒரு கோப்பு இருக்கும்போது அது கொழும்புக்கும் கோயம்புத்தூருக்கும் கோலாலம்பூருக்கும் பொது. அதில் ஏற்கனவே ஒரு வடிவம் ஒழுங்காகப் பாவிக்கப்பட்டிருந்தால் அதை விட்டுவிட வேண்டும். இலங்கைத் தமிழுக்கென்று தனி மொழிக் குறியீடு இருக்கிறது உண்மைதான், திட்டம் அதை ஏற்றால் தனிக் கோப்பு வைக்கலாம். ஆனால் ஒரு கோப்பையே முழுதாக முடிக்க ஆள் இல்லாத நிலையில் இரண்டாவதை நான் ஊக்கப்படுத்த மாட்டேன். இதில் என்னோடு ஒத்துப்போகாத நண்பர்கள் உண்டு. அவரோடு சண்டைக்குப் போகாமல், சொற்பட்டியல் ஒன்று வைப்போமா என்று கேளுங்கள். ‘கடவுச்சொல்’லா ‘கடவுச் சொல்’லா, ‘உள்நுழை’யா ‘புகுபதிகை’யா என்று ஒரே திரையில் மூன்று விதமாக வருவதுதான் வாசிக்கிறவருக்கு உண்மையான தொல்லை.

உங்கள் கண்ணுக்கு அசல் வேலை அந்தக் கோப்பில் நிறைய இருக்கிறது. நான் சும்மா தேடிப் பார்த்ததில் இரண்டு வகை அகப்பட்டன. ஒன்று ‘ஔ’. அது தனி எழுத்து. பலர் ‘ஒ’வையும் ‘ள’வையும் பக்கத்தில் வைத்து ‘ஒள’ என்று அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டு வேறு சொல். தேடினால் வராது, அகரவரிசையில் வேறு இடத்தில் போய் நிற்கும். மற்றது, பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை இன்றைய பொதுக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றியதன் எச்சம். பாமினியில் ‘ர்’ எழுத, அரவுக் காலுக்குரிய (‘கா’வில் வரும் கால்) விசையிலேயே புள்ளி வைப்போம். பழைய மாற்றிகள் சில அதை அப்படியே காலும் புள்ளியுமாகக் கொண்டுவந்துவிட்டன. அதனால் ‘அவர்’ என்பது ‘அவா்’ என்று நிற்கிறது. உற்றுப் பாருங்கள், இரண்டாவதில் இருப்பது ‘ர’ இல்லை, வெறும் கால். ஒலிவாசிப்பான் பாவிக்கும் பார்வையற்றவருக்கு அந்தச் சொல் சொல்லாகவே வராது. இதைத் தேடிப் பிடிப்பது சுலபம். காலுக்குப் பின்னால் புள்ளி என்பது தமிழில் எங்கேயும் வராத சேர்க்கை, ஆகவே அந்த இரண்டு குறியீட்டையும் சேர்த்துத் தேடினால் அத்தனையும் பிழை. இதைத் திருத்தினால் உலகத்தில் எந்த ஊர்த் தமிழரும் மறுக்க மாட்டார். ஒரு எச்சரிக்கை மட்டும்: ‘கொ’வில் வரும் உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். யுனிகோட் இவ்விரண்டையும் சமமென்றே வைத்திருக்கிறது. அதைப் பிழை என்று துரத்தாதீர்கள்.

கருவிகளைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆங்கில ஆவணங்களுக்குக் கோட்ஸ்பெல் நல்லது. சாதாரண எழுத்துப் பிழைதிருத்தி தனக்குத் தெரியாத சொல்லையெல்லாம் பிழை என்னும், மென்பொருள் ஆவணத்தில் பாதிச் சொல் அதற்குத் தெரியாது. கோட்ஸ்பெல் மறுவளம். வழக்கமாக விடப்படும் பிழைகளின் பட்டியல் ஒன்று அதனிடம் இருக்கிறது, அவற்றை மட்டும் பிடிக்கும். லினக்ஸ் கருநிரலிலும் இதே மாதிரிப் பிழையும் திருத்தமுமாக ஒரு பட்டியல் வைத்து, திருத்தங்களைச் சோதிக்கும் நிரல் அதைப் பார்க்கிறது. தானாகத் திருத்து என்ற தெரிவை மட்டும் கொடுக்காதீர்கள், சுருக்கி வைத்த மாறிப் பெயர்களையும் பிடித்துத் திருத்திவிடும். தமிழுக்கு வாணி, நாவி என்ற இணையக் கருவிகள் இருக்கின்றன. நாவி சந்தியைப் பார்க்கும். சொல்வதையெல்லாம் ஏற்காமல், எங்கே சந்தேகப்படுகிறது என்று பார்க்க உதவும்.

பெடியன்கள் சிரிப்பதைப் பற்றி. ஒரு கையேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தவர்கள் அந்த வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரட்டும், பிறகு மற்றதைக் கதைப்போம்.

வேலை விண்ணப்பத்தில் காட்டலாம். எண்ணிக்கையைக் காட்டாதீர்கள். ‘43 திருத்தங்கள்’ என்று எழுதினால் என்னைப் போல ஆட்கள் எடுக்கிறவர்கள் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். அந்த எதிர்மறை வசனத்தையோ, எல்லா மொழிக் கோப்பையும் சேர்த்துத் திருத்தியதையோ ஒரே ஒரு வரியில் எழுதி இணைப்பைக் கொடுங்கள். மூடப்பட்ட அந்த முதல் புல் ரிக்குவெஸ்டையும் அழிக்க வேண்டாம். நேர்முகத்தில் அதைப் பற்றிக் கேட்டால் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதில்தான் எனக்கு ஆசை.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது. முதலில் அந்த நீளக் கோட்டை மட்டும் அனுப்புங்கள். ஒரு கோப்பு, ஒரு மாற்றம். தலைப்பில் எந்தப் பக்கம், என்ன பிழை என்று இருக்கட்டும். கீழே இரண்டு வரி: இதைப் பிரதி எடுத்து ஒட்டினேன், ஓடவில்லை, இப்படி மாற்றினால் ஓடுகிறது. ஆங்கிலம் பெரிதாகத் தேவையில்லை, குட்டி வசனங்கள் போதும். அதற்கு முன்னர் வேறு ஒருவர் ஏற்கனவே அனுப்பியிருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். கைபேசி டேட்டாவில் இருந்தால் திட்டத்தின் கோப்பெல்லாம் இருக்கும் முழுக் களஞ்சியத்தையும் இறக்க வேண்டாம். களஞ்சியம் இருக்கும் கிட்ஹப் இணையத்தளத்தில் அந்தக் கோப்பைத் திறந்து பென்சில் அடையாளத்தை அமத்தினால் உங்கள் கணக்கில் ஒரு பிரதியை அதுவே எடுத்துக்கொள்ளும். இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஆழம் ஒன்று என்று கொடுத்து இறக்குங்கள், பழைய வரலாறு வராது, டேட்டா மிஞ்சும். ஆனால் ஒரு சொல் எப்போது, ஏன் நுழைந்தது என்று தேட அந்த வரலாறு வேண்டும், அதை வளாகத்து ஆய்வுகூடத்தில் இருந்து பாருங்கள்.

அது ஏற்கப்பட்டபின் மற்ற ஐந்து, ஒவ்வொன்றாக. மிச்ச ஒன்பதில் திரை வசனம் இரண்டையும் வெளியீட்டுக்குப் பிறகு என்று ஒதுக்குங்கள். ஏழு சில்லறையையும் சேர்த்து ஒரே திருத்தமாக அனுப்பலாம், பராமரிப்பாளர் அதற்குச் சம்மதிப்பார். தானாக உருவான அந்த இரண்டையும் ஊற்றில் திருத்திக் கடைசியாகக் கொடுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு கிழமை பொறுங்கள், பிறகு ஒரே ஒரு வரி நினைவூட்டல். அதற்கும் வராவிட்டால் எனக்கு எழுதுங்கள், இணைப்போடு.